ஃப்ரீ-ஃப்ளோ: ஹாங்காங் ஞாயிறு பிரஞ்ச்சின் கதை

இந்த வாரம் சாப்பாட்டு வரலாறு. ஊர் ஹாங்காங், நாள் ஞாயிற்றுக்கிழமை, நேரம் காலை பதினொன்றரை.

ஹாங்காங்கோட சென்ட்ரல் பகுதியில ஒரு பெரிய ஹோட்டலோட வீக்எண்ட் விளம்பரத்தை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் மூணு வார்த்தை இருக்கும். பிரஞ்ச், கம்ஃபர்ட் ஃபுட், ஃப்ரீ-ஃப்ளோ. சில இடத்துல கூடவே 'ஏஷியன்-இன்ஸ்பயர்டு'ன்னும் போட்டிருப்பாங்க. ஆசியாவுக்குள்ளயே உட்கார்ந்துகிட்டு ஆசியாவால இன்ஸ்பயர் ஆகறது ஒரு தனித் திறமைதான், அதை விட்டுடுவோம். தட்டுல பாவ் பன், டிம் சம், ராமென், ஒரு கிண்ணம் கஞ்சி. பக்கத்துல ரெண்டு மணி நேரத்துக்குக் கணக்கில்லாம ஊத்திக்கிட்டே இருக்கற ப்ரொசெக்கோ. ஒரு தலைக்கு எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் ஹாங்காங் டாலர்னு போகும்.

இதுல எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்கறதுதான் இன்னைக்கு வேலை.

முதல்ல 'பிரஞ்ச்'. அச்சுல இந்த வார்த்தையைப் பரப்பினவர்னு வழக்கமா சொல்லப்படறவர் கை பெரிங்கர்ங்கற ஆங்கிலேய எழுத்தாளர். 1895-ல 'ஹண்டர்ஸ் வீக்லி' பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார். அவரோட வாதம் ரொம்ப எளிமை. சனிக்கிழமை ராத்திரி கூத்தடிச்சவன் ஞாயிறு காலையில எழுந்து, சர்ச்சுக்குப் போய், அதுக்கப்புறம் மாமிசமும் பையுமா ஒரு கனமான விருந்தைச் சாப்பிடணும்னு ஏன் கட்டாயம்? லேட்டா எழுந்து, நண்பகல் வாக்குல, லேசா ஆரம்பிச்சு மெதுவா கனமான ஐட்டத்துக்குப் போகட்டுமே. கடைசியில ஒரு பின்குறிப்பு வேற: டீ, காபிக்குப் பதிலா பியரும் விஸ்கியும் இருந்தாலும் ஏத்துக்கலாமாம். ஆக, பிரஞ்ச்சுக்கு வக்கீல் நோட்டீஸ் எழுதின அன்னைக்கே சரக்கும் உள்ளே வந்தாச்சு.

அடுத்த வருஷம், 1896-ல, 'பஞ்ச்' நகைச்சுவைப் பத்திரிகை இதை மாணவர்கள் பேசற ஸ்லாங்னு கிண்டல் பண்ணுச்சு. காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பக்கமா சாப்பிட்டா 'பிரஞ்ச்', மதியத்துக்குப் பக்கமா சாப்பிட்டா 'பிளஞ்ச்'னு ரெண்டு வார்த்தை இருந்துச்சாம். பிளஞ்ச் செத்துப்போச்சு. காதால கேட்டாலே காரணம் புரியுது.

பெரிங்கர் ஞாயிற்றுக்கிழமை யாரு தூங்கலாம்னு பேசினார். யாரு சமைக்கணும்னு பேசின மாதிரி தெரியலை. அந்தக் காலத்து இங்கிலாந்து, வேல்ஸ்ல 1891 மக்கள்தொகைக் கணக்குப்படி 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரங்க. பலருக்கு லீவுன்னா வாரத்துல ஒரு அரைநாள், இல்லேன்னா ஒண்ணுவிட்ட ஞாயிறு மதியம். முதலாளி பதினொரு மணிக்கு எழுந்து பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து சாவகாசமா சாப்பிட்டா, அந்த மதியம் எவ்வளவு தேயும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இதை நினைவுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ கப்பலேறி தென் சீனாவுக்கு, குவாங்சோவுக்குப் போவோம். வெள்ளைக்காரங்க கேண்டன்னு சொன்ன ஊர். பெரிங்கர் பேனாவை எடுக்கறதுக்குப் பல பத்தாண்டுகள் முன்னாடியே, அங்கே காலை வேளையில உட்கார்ந்து சின்னச் சின்னப் பலகாரத்தோட டீ குடிக்கற வழக்கம் ஊறிப்போன விஷயம். கேண்டனீஸ் மொழியில 'யம் சா'. நேரடி அர்த்தம், டீ குடிக்கறது, அவ்வளவுதான். (நம்ம பக்கத்து 'சாயா'வும் இந்த 'சா'வும் ஒரே குடும்பம்.) பலகாரம்தான் டிம் சம். அந்தப் பெயர்லயே 'நெஞ்சு'ங்கற சொல் இருக்கு. கம்ஃபர்ட் ஃபுட்னு தனியா ஒரு லேபிள் ஒட்ட வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல குவாங்சோவுல இருந்த எளிய டீக்கடைகளுக்குப் பெயர் 'ரெண்டு லி கடை'. லிங்கறது அன்னைக்கு இருந்த மிகச் சின்ன நாணயக் கணக்கு. ஒரு லியாங் வெள்ளியில ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு லி. கடையோட விலைப்பட்டியலே கடையோட பெயர். மரமேசை, பெஞ்சு, சூடான டீ, வயிறு நிறையற மாதிரி ரெண்டு பலகாரம். வந்தவங்க பெரும்பாலும் கூலி ஆட்கள், மூட்டை தூக்கறவங்க. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உட்கார ஓர் இடம். 'ஒரு கோப்பை, ரெண்டு உருப்படி'ன்னு அதுக்கு ஒரு சொலவடையே உண்டு. இன்னைக்கும் ஹாங்காங்ல பெரியவங்க யம் சாவை அப்படித்தான் சொல்றாங்க.

அந்த விலை முறையைக் கொஞ்சம் கவனிங்க, ஏன்னா எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது அதுதான். யம் சாவுல பலகாரத்துக்கு உருப்படிக்கு இவ்வளவுன்னு காசு. டீக்கு அப்படி இல்ல, தலைக்கு இவ்வளவு. ஒரு தடவை கொடுத்துட்டா, டீப்பாட் காலியானதும் மூடியைச் சாய்ச்சு வெச்சா போதும். ஆள் வந்து சுடுதண்ணி ஊத்திட்டுப் போவார். மறுபடியும் மூடியைச் சாய்ங்க, மறுபடியும் ஊத்துவார். ஊத்தும்போது விரலால மேசையை ரெண்டு தட்டு தட்டினா அது நன்றி. சியான்லோங் பேரரசர் மாறுவேஷத்துல போனப்போ, மண்டிபோட்டு வணங்க முடியாத காவலர்கள் விரலை மடக்கி மேசையில வணங்கினாங்கன்னு அதுக்கு ஒரு கதை சொல்வாங்க. கதைதான், ஆனா நல்ல கதை.

தலைக்கு ஒரு விலை, அதுக்கப்புறம் அளவில்லாம ஊத்து. இது ஃப்ரீ-ஃப்ளோ இல்லாம வேற என்ன? ஹோட்டல்காரங்க புதுசா கண்டுபிடிச்ச மாதிரி போஸ்டர் அடிக்கற பிஸினஸ் மாடல், மூட்டை தூக்கறவங்க டீக்கடைப் பரம்பரையில தினமும் ஓடிக்கிட்டிருந்தது. நம்ம அன்லிமிடெட் டேட்டா பிளான் மாதிரிதான். ஒரு மனுஷன் எவ்வளவு டீ குடிச்சிட முடியும்? தேயிலை ஒரு தடவை போட்டது, அதுக்கப்புறம் வெறும் சுடுதண்ணி. கடைக்காரருக்கு உண்மையான செலவு அந்த நாற்காலி. நீங்க எவ்வளவு நேரம் அதுல உட்கார்ந்திருக்கீங்கங்கறதுதான். அப்படிப் பார்த்தா தலைக்கு வாங்கற டீக்காசு, நாற்காலிக்கு வாங்கற வாடகை.

நாற்காலின்னு சொன்னதும் இன்னொரு கேண்டனீஸ் சொலவடை ஞாபகம் வருது. ரெண்டு லி கடை ஒரு பக்கம் இருக்க, மாடி கட்டின பெரிய டீ ஹவுஸ்களும் குவாங்சோவுல வந்துச்சு. மேல போகப்போக காத்து, வெளிச்சம், வசதி எல்லாம் கூடும். டீக்காசும் கூடும். அதனால ஜனங்க சொன்னது: காசிருந்தா மாடிக்கு மேல மாடி, காசில்லேன்னா தரையில குந்து. இதையும் நினைவுல வெச்சுக்கோங்க.

இந்த டீ ஹவுஸ் கலாசாரம் அப்படியே ஹாங்காங்குக்கு வந்தது. 1933-ல தொடங்கின லுக் யூ டீ ஹவுஸ் இன்னைக்கும் ஊரோட அடையாளங்கள்ல ஒண்ணு. தேநீரைப் பத்தி நூல் எழுதின தாங் காலத்து அறிஞரோட பெயர் அதுக்கு. தோள்பட்டையில வார் போட்டு மூங்கில் கூடைத் தட்டைத் தொங்கவிட்டுக்கிட்டு, பலகாரப் பெயரைக் கூவிக்கிட்டே பெண்கள் மேசை மேசையா வருவாங்க. தள்ளுவண்டி வந்தது அதுக்கப்புறம்தான்.

ஆனா யம் சா எப்படி 'ஞாயிற்றுக்கிழமை குடும்ப விஷயம்' ஆச்சு? பழைய டீ ஹவுஸ் பெரும்பாலும் ஆம்பளைங்க இடம். பறவைக் கூண்டைத் தூக்கிக்கிட்டு வந்து, பேப்பர் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பாட்டி, பேரன், பேத்தின்னு மூணு தலைமுறை வட்டமேசையைச் சுத்தி உட்கார்றதுக்கு என்ன காரணம்?

என் கணக்குல பெரிய காரணம் இடம். 1945-ல போர் முடிஞ்சப்போ ஹாங்காங் மக்கள்தொகை ஏறக்குறைய 6 லட்சம். ஐந்தே வருஷத்துல அது 20 லட்சத்தைத் தாண்டிடுச்சு. சீன உள்நாட்டுப் போர்ல தப்பிச்சு வந்தவங்க மலைச்சரிவு முழுக்கக் குடிசை போட்டாங்க. 1953 கிறிஸ்துமஸ் ராத்திரி ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில தீ. ஒரே ராத்திரியில 50,000-க்கும் மேற்பட்டவங்க வீடிழந்தாங்க. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் அடுக்குமாடி மறுகுடியிருப்பு கட்ட ஆரம்பிச்சது. ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? பெரியவங்களுக்குத் தலைக்கு 24 சதுர அடி. சின்னக் குழந்தைன்னா அதுல பாதி.

24 சதுர அடின்னா ஆறடிக்கு நாலடி. கொஞ்சம் அகலமான ஒத்தைக் கட்டில். ஐந்து பேர் குடும்பத்துக்கு 120 சதுர அடியில ஒரே ரூம். உள்ளே குழாய் கிடையாது, கழிவறை கிடையாது, ரெண்டும் பொதுவுல. சமையல் வெளி நடைபாதையில. அப்படி ஒரு வீட்டுக்கு மாமியாரும் மச்சினனும் வந்தா எங்கே உட்கார வைப்பீங்க?

டீ ஹவுஸ்லதான். தலைக்கு ஒரு டீக்காசு கொடுத்தா, சுத்தமான மேசைத்துணி, வட்டமேசை, தீராத டீ, மணிக்கணக்கா பேச ஓர் இடம். அதுதான் வரவேற்பறை, சண்டைக்குப் பஞ்சாயத்து வைக்கற இடம், பொண்ணு பார்க்கற இடமும் அதுதான். ஃபேக்டரியில வாரம் முழுக்க உழைக்கற ஊருக்கு ஞாயிறு ஒண்ணுதான் எல்லாருக்கும் பொதுவா கிடைச்ச காலை. 'சாப்பாட்டுக்காகப் போறோம்'னு அவங்க சொன்னாலும், போனது உட்கார்றதுக்குத்தான்னு எனக்குத் தோணுது.

சரி, இப்போ மெனுவுல இருக்கற அந்தக் கஞ்சிக் கிண்ணத்துக்கு வருவோம்.

ஹாங்காங் பிரஞ்ச் மெனுவுல ஆங்கிலத்துல அதுக்குப் பெயர் 'காஞ்ஜி'. கேண்டனீஸ்ல அது 'ஜூக்'. அரிசியைக் குழைய வேகவிட்டு, பன்றி இறைச்சி, பதப்படுத்தின கறுப்பு முட்டை, மேல இஞ்சி, வெங்காயத்தாள். உள்ளூர் ஆள் யாரும் கேண்டனீஸ்ல பேசும்போது அதைக் காஞ்ஜின்னு சொல்ல மாட்டார். அப்புறம் அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்தது? ஆமாங்க, நம்ம கஞ்சிதான். தமிழ்ச் சொல். மேற்குக் கடற்கரையில போர்ச்சுக்கீசியர் காதுல விழுந்து, 'கான்ஜ'ன்னு ஆகி, அவங்க வழியா ஆங்கிலத்துக்குப் போனது. 1563-ல கோவாவுல நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்தா, நோயாளிக்கு மிளகும் சீரகமும் போட்டு அரிசித் தண்ணி கொடுக்கறதை எழுதி, அதோட பெயரையும் குறிச்சு வெச்சிருக்கார். மிளகு, சீரகம்! காய்ச்சல் வந்தா நம்ம வீட்டுல இன்னைக்கும் அதே ரெசிபிதான், நானூத்தி அறுபது வருஷமா அப்டேட்டே வரலை. போர்ச்சுகல்ல இன்னைக்கும் உடம்பு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கற கோழி சூப்புக்குப் பெயர் 'கான்ஜ'.

ஆனா ஆங்கிலேயர் கையில இந்த வார்த்தைக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. 1886-ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில 'காஞ்ஜி ஹவுஸ்'னு ஒரு சொல் இருக்கு. இந்தியாவுல இருந்த ராணுவப் பட்டாளங்களோட லாக்கப் அறை. உள்ளே போட்டவங்களுக்குக் கஞ்சிதான் சாப்பாடுங்கறதால அந்தப் பெயர். அதே காலகட்டத்துல, 1876-லேர்ந்து 1878 வரை, சென்னை மாகாணத்துல தாதுவருஷப் பஞ்சம். ஜனங்க நிவாரண முகாம்ல கஞ்சிக்கு வரிசையில நின்னாங்க. கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல வட சீனாவுலயும் மழை பொய்ச்சு, வரலாற்றோட கொடூரமான பஞ்சங்கள்ல ஒண்ணு வந்தது. அங்கேயும் ஊர் ஊரா கஞ்சிக் கூடங்கள். இருக்கற தானியத்தை நிறைய தண்ணியில நீட்டி, நிறைய வயித்துக்குப் பங்கு போடறதுக்கு ரெண்டு நாட்டுலயும் ஒரே வழிதான் தெரிஞ்சிருந்தது.

இன்னைக்கு அதே கஞ்சி கம்ஃபர்ட் ஃபுட். எனக்கு அதுல கோபம் எதுவும் இல்ல. உடம்பு முடியாதப்போ அம்மா கொடுத்த கஞ்சி உண்மையிலேயே ஆறுதல்தான். ஆனா ஹோட்டல் மெனு இதையெல்லாம் 'ஆசியாவோட இதமான சுவை'ன்னு ஒரே வரியில முடிச்சுடுது. ஒரு காலத்துல இதைத் தவிர வேற எதுவும் கிடைக்காதவங்க சாப்பிட்டதுங்கறது அந்த வரியில காணாமப் போயிடுது. கிண்ணத்துக்குப் பக்கத்துல ப்ரொசெக்கோ வந்து நிக்கும்போது இன்னும் கொஞ்சம் காணாமப் போகுது.

அந்த ப்ரொசெக்கோ அங்கே வந்து நின்னதுக்கும் ஒரு தேதி இருக்கு. 2007 தொடக்கம் வரைக்கும் ஹாங்காங்ல வைனுக்கு வரி 80 சதவீதம். அந்த வருஷ பட்ஜெட்ல அதை 40 ஆக்கினாங்க. 2008 பிப்ரவரி பட்ஜெட்ல ஒரேயடியா பூஜ்யம். பியருக்கும் பூஜ்யம். ஆசியாவோட வைன் வியாபார மையமா ஊரை மாத்தணும்ங்கறது அரசாங்கத்தோட திட்டம். ஆனா விஸ்கி, ஜின் மாதிரி கடுமையான சரக்குக்கு 100 சதவீத வரி அப்படியே இருந்தது. இப்போ புரியுதா, ஃப்ரீ-ஃப்ளோன்னா ஏன் பெரும்பாலும் ப்ரொசெக்கோ, வைன், பியர்னே இருக்குன்னு? ரசனையும் ஒரு காரணமா இருக்கலாம். எக்ஸைஸ் டியூட்டி அதைவிடப் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன்.

அதுக்கப்புறம் கணக்கு டீ ஹவுஸ் கணக்கேதான். தலைக்கு ஒரு விலை, ஊத்திக்கிட்டே இரு, ஆனா ரெண்டு மணி நேரத்துல எழுந்திரு. சுடுதண்ணி மாதிரி வைன் இலவசம் இல்லையே, அதனால நாற்காலிக்கு டைமர் வெச்சிட்டாங்க.

இந்த இடத்துல ஹோட்டலை விட்டு லிஃப்ட்ல கீழே இறங்குவோம். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல்ல இறங்கினவங்க யாரும் இந்தக் காட்சியைத் தவறவிட முடியாது. ஸ்டாச்யூ ஸ்கொயர், போக்குவரத்தை நிறுத்தி வெச்சிருக்கற சேட்டர் ரோடு, எச்எஸ்பிசி தலைமைக் கட்டடத்துக்குக் கீழே இருக்கற திறந்த தளம், நடைமேம்பாலங்கள் எல்லா இடத்துலயும் ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு, செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, வட்டமா உட்கார்ந்திருப்பாங்க. பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரங்க. இந்தோனேசியப் பெண்கள் காஸ்வே பே பக்கம், விக்டோரியா பார்க்ல. ஹாங்காங் வீடுகள்ல தங்கி வேலை பார்க்கற வெளிநாட்டுப் பணியாளர்கள் மூணு லட்சத்துக்கும் மேல. குழந்தையை வளர்க்கறவங்க, பாட்டியைக் குளிப்பாட்டறவங்க, சமைக்கறவங்க.

ஏன் ரோட்டுல? ஒப்பந்தப்படி அவங்க முதலாளி வீட்டுலதான் தங்கணும். தனியா ரூம் எடுத்துத் தங்க அனுமதி இல்ல. சட்டப்படி ஏழு நாளுக்கு ஒரு நாள், தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வு உண்டு. ஆனா அந்த 24 மணி நேரத்தை எங்கே கழிக்கறதுங்கறதுக்குச் சட்டத்துல இடமில்ல. வேலை செய்யற வீட்டுலயே இருந்தா ஓய்வு நாளும் வேலை நாளாயிடும். 2024 செப்டம்பர்ல அவங்களுக்கு நிர்ணயிச்ச குறைந்தபட்ச மாசச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர். மேலே நடக்கற ஒரு ஃப்ரீ-ஃப்ளோ பிரஞ்ச், தலைக்கு 830 டாலர்னு வெச்சுக்கிட்டா, அதுல ஆறுல ஒரு பங்கு. டீ ஹவுஸ்ல உட்காரலாம்தான். ஆனா எட்டு பேர் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்க, இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை எந்த டீ ஹவுஸும் விடாது. வெளியில டோக்கன் வாங்கிக்கிட்டு அடுத்த குடும்பம் நிக்குது.

1950-கள்ல 24 சதுர அடியில இருந்த குடும்பம் டீக்காசு கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வாங்குச்சு. அந்தக் குடும்பத்தோட பேரப்பிள்ளைங்கள்ல பலர் இன்னைக்கு அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கறவங்களா இருப்பாங்க. அதனால ஹாங்காங்காரங்க கல்நெஞ்சக்காரங்கன்னு இதைக் கேட்டு முடிவு பண்ணிடாதீங்க. நம்ம ஊர் அபார்ட்மெண்ட்கள்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டான்னு முதல்ல விசாரிச்சுட்டு வந்து பேசலாம்.

அட்டை மேல என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டீங்கன்னா, டப்பா டப்பாவா சோறு, பன்சித் நூடுல்ஸ், அடோபோ. பிலிப்பைன்ஸ்லயும் கஞ்சி உண்டு, பெயர் லுகாவ். அதுலயே இஞ்சியும் கோழியும் போட்டா அரோஸ் கால்தோ. சீனக் குடியேறிகள் கொண்டுபோன கஞ்சி, ஸ்பானிஷ்காரங்க வெச்ச பெயர். நேரமும் அதேதான், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவுல. நடுவுல வெச்சு எல்லாரும் எடுத்துக்கறாங்க. சீட்டு விளையாடறாங்க, ஒருத்தருக்கொருத்தர் நகப்பூச்சு போட்டுவிடறாங்க, வீடியோ கால்ல ஊர்ல இருக்கற பிள்ளையோட வீட்டுப்பாடத்தைப் பார்க்கறாங்க. ஊருக்கு அனுப்பற பெரிய பெட்டியில சோப்பு, சாக்லேட், டின் உணவெல்லாம் அடுக்கி டேப் ஒட்டறாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்குத் திரும்பணும்னு சில முதலாளிங்க நேரம் வெச்சிருக்காங்க. அதனால இருட்டினதும் அட்டையை மடிச்சு ஓரமா அடுக்கிட்டுக் கிளம்ப ஆரம்பிப்பாங்க. அடுத்த ஞாயிறு அதே தூணுக்குப் பக்கத்துல, அதே எட்டு பேர்.